பெரிய மீன் யாருக்கு

தசியாலுக்,
ஏப்ரல் 4

அன்புத் தங்கை சியாசிக்கு,

அக்கா அலாசி எழுதுவது. நீயும் உன் வயிற்றில் இருக்கும் என் தம்பியும் நலமாக இருக்க வேண்டும். நான் இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

நான்கு நாளாக, பிரசவத்துக்காகத் தெற்கே மாண்ட்ரியலில் நீ தங்கியிருக்கும் ஆஸ்பத்திரி விடுதிக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டேன். வரவேற்பில் இருக்கும் பெண் ஒவ்வொரு தடவையும் "அவங்க தூங்குறாங்க" என்கிறாள். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? உனக்குப் பேச விருப்பமில்லை என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். போனை எடுக்காமல் இருந்துவிடலாம். கடிதம் அப்படியில்லை, பிரிக்காமல் வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

லூகாசிக்கு நீ எழுதியதைப் படித்தேன். உன் புருஷன் அதை மடித்துக் கொண்டுவந்து ஊர் ஃப்ரீசர் வாசலில் என் கையில் கொடுத்து, "நீங்களே படிங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். உன் பிடரியில் வெட்டிய முடியில் பாதரசம் இருக்கவேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டதற்கு டாக்டர் "பொறந்து வளர்ந்தாதான் தெரியும்" என்றாராம். இனி ஊர் மீனைத் தொடமாட்டேன், பிள்ளை பிறந்த பிறகும் அங்கேயே இருந்துவிடுவேன் என்று முடித்திருந்தாய். முழுக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தேன். அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருமாம். எந்த மாதம் என்ன தின்றோம் என்பது அதிலேயே பதிந்திருக்குமாம். உனக்கு டிசம்பரிலிருந்து ஏறியிருக்கிறது என்கிறாய். டிசம்பரில் என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ முழுகாமல் இருக்கும் சேதி அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

பதினோரு வருடமாக ஊர் ஃப்ரீசரின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. வேட்டைக்குப் போனவர்கள் கொண்டுவந்து போடுவதை யார் வீட்டுக்கு எது என்று பார்த்துக் கொடுப்பது என் வேலை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு முதல் பங்கு. வந்ததிலேயே பெரிய மீன் அவளுக்கு, அதன் தலையும் அடிவயிறும் அவளுக்கே. சின்னதைக் கொடுத்தால் அவளை அவமானப்படுத்துவதாக ஆகிவிடும். இதை நான் புதிதாகக் கொண்டுவரவில்லை, நமக்கு முன்னால் இருந்தவர்களும் இப்படித்தான் கொடுத்தார்கள். லூகாசி ஏரிப் பனியைத் துளைத்து அந்தக் கிழட்டு டிரவுட் மீனைப் பிடித்துவந்த அன்று ஊர் ரேடியோவில் அறிவித்ததும் நான்தான். "யாரும் இதுமேல கண்ணு வைக்காதீங்க, இது சியாசிக்கு" என்றேன். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க வந்த பெரிய மீன் எல்லாம் உன் வீட்டுக்கே வந்தது.

நான்தான் கொடுத்தேன், சியாசி. தெற்கேயிருந்து யாரும் வந்து உனக்கு ஊட்டிவிடவில்லை. உன் மேல் இருந்த ஆசையில் நானே பொறுக்கியெடுத்துக் கொடுத்தேன். முப்பது நாற்பது வருடம் ஏரியில் கிடந்த மீன் சின்ன மீன்களைத் தின்று தின்று அவற்றின் பாதரசத்தையெல்லாம் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டே வரும் என்று இப்போது நர்ஸ் படம் வரைந்து காட்டுகிறாள். டிசம்பரில் அவளுக்கு வாய் வலித்ததா என்று தெரியவில்லை.

அழுதேன். அதை எழுதாமல் விட்டால் நீ என்னை நம்பமாட்டாய். அழுது முடித்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்தேன், குடிக்கும்போதே கோபம் வந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு புகைபோக்கி உண்டா? ஏரிக்கரையில் ஒரு ஆலை உண்டா? எங்கெங்கோ இருப்பவர்கள் நிலக்கரியை எரிக்கிறார்கள், தங்கத்தைப் பிரிக்கிறார்கள். அதெல்லாம் காற்றில் ஏறிவந்து நம் பனியில் இறங்கி, பனி உருகி ஏரிக்குள் போகிறது. செய்தவர்கள் யாருக்கும் நம் ஊர்ப் பெயர்கூடத் தெரியாது. அனுபவிப்பது என் தங்கை.

இங்கே நம் ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில் புதுப் படம் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மீன், அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு கோழி சிரிக்கிறது. நம் கடைக்கு வந்து சேரும் கோழி என்னைவிட அதிக ஊர் பார்த்த கோழி, அதைத் தின்றுதான் பிழைக்க வேண்டுமாம். அடுத்த வாரம் இதைப் பற்றிக் கூட்டம் போடுகிறார்கள். போகப்போகிறேன்.

நீ வரமாட்டேன் என்று எழுதியதைப் படித்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. நம் தமூசி பனி உடைந்து கடலுக்குள் போய் இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைக்கு அவன் பெயர் என்று முதலில் சொன்னது நீதான். பெயர் எங்கே போகிறதோ ஆளும் அங்கே போவான், அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண்ணாகப் பிறந்தாலும் எனக்குத் தம்பி, உனக்கு அண்ணன். அவனை மாண்ட்ரியலில் நிறுத்திவைக்க நீ ஒருத்தியாக முடிவு செய்ய முடியாது. நான் கேட்டதாக அவனிடம் சொல்.

உன் அக்கா,
அலாசி


தசியாலுக்,
ஏப்ரல் 20

அன்புள்ள சியாசி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இருக்கட்டும். எனக்கு எழுதும் பழக்கம் வந்துவிட்டது, இனி நீயே கெஞ்சினாலும் நிறுத்தமாட்டேன். கால் வீக்கம் வடிந்ததா? இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் லூகாசியிடம் சொன்னாளாம்.

கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. தெற்கேயிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். வருடாவருடம் வந்து நம் பெண்களின் முடியை வெட்டிக்கொண்டு போவாளே ஆராய்ச்சிக்காரி மரியான், அவளும் வந்திருந்தாள். அதே மீன் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதிகாரி ஒருவர் கோலை வைத்து மீனைத் தட்டித் தட்டி, விஷம் விஷம் என்று பேசினார். கலிங்கோ பெரியப்பா எழுந்துவிட்டார். "அது இருக்குற ஊருக்கே வந்து அதப் பத்தி இப்படிப் பேசுறீங்களே, மீனுக்குக் காது இல்லன்னு யாரு சொன்னா? நாளைக்கு அது கோவிச்சுக்கிட்டு வராமப் போனா நீங்களா வந்து எங்களுக்குச் சோறு போடப் போறீங்க?" என்றார். மிருகத்தைக் குறைசொன்னால் அது அந்த ஊருக்கு மறுபடி தன்னைக் கொடுக்காது என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அதிகாரிக்கு மட்டும் தெரியவில்லை.

லூகாசி கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவன் ஏரிப் பக்கம் போகவில்லை. பனியைத் துளைக்கும் கருவியைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவனைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் எழுந்து, "பெரியப்பா சொல்றது சரி. மீன் மேல குத்தமில்ல. யாரோ அது வாயில போட்டத அது முழுங்கிச்சு. கோடு கிழிக்கணும்னா கிழிக்க வேண்டிய எடம் வேற இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனேன். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, மீனுக்குக் கீழே நான்கு புகைபோக்கி வரைந்து, அவற்றின் மேல் பெருக்கல் குறி போட்டேன். மீன் மேல் இருந்த சிவப்பை என்னால் அழிக்க முடியவில்லை, அதனால் அதை வலை மாதிரி மாற்றிவிட்டேன். "இது அரசாங்கச் சுவரொட்டிம்மா" என்றார் அதிகாரி. "சுவரு எங்களோடது" என்றேன்.

மரியான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவளையும் விடவில்லை. "இருவது வருஷமா எங்க தலையிலேர்ந்து வெட்டிக்கிட்டுப் போறீங்க. ஒரு வருஷம் கழிச்சுக் காகிதம் வருது. அதுக்குள்ள தின்னது செரிச்சு, புள்ளயும் பொறந்து தவழுது. தின்ன பெறகு என் தலையப் பாத்து என்ன புண்ணியம்? தின்னுறதுக்கு முன்னாடி மீனப் பாரு. மெஷின இங்க கொண்டாந்து வை. அதுவரைக்கும் இந்த ஊருல ஒரு பொண்ணும் உனக்கு ஒரு மயிரு குடுக்கமாட்டா" என்றேன். கொஞ்சம் மரியாதையாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் பின்னலைத் தூக்கித் தொப்பிக்குள் சொருகிக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகு மரியாதை எதற்கு? மரியானோ "எனக்கும் அதான் சரின்னு படுது" என்றாள். அதிகாரிகள் அவளை முறைத்தார்கள்.

மரியான் கேட்டு வாங்கிய, பாதரசம் அளக்கும் மெஷின் போன செவ்வாய்க்கிழமை விமானத்தில் வந்துவிட்டது. ரொட்டி சுடும் அடுப்பு அளவுதான் இருக்கிறது. ஃப்ரீசரின் முன்னறையில் வைத்திருக்கிறோம். மீனிலிருந்து நகத்தளவு சதை வெட்டி உள்ளே வைத்தால் கொஞ்ச நேரத்தில் எண் வருகிறது. கோடை வரைக்கும்தான் கொடுப்பார்களாம். கோடை வரட்டும், அப்போது யார் வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கே லூகாசியின் துளைக்கருவியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சோபாவில் படுத்திருந்தான். "நான் புடிச்ச மீனுக்கா. என் கையால புடிச்சேன்" என்றான். "என் கையால குடுத்தேன். அதுக்காகக் கைய வெட்டிப் போட்டுடலாமா? எந்திரி" என்றேன். மறுநாள் அவன் பெரிய தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு, பனிக்கடியில் விடும் வலையை எடுத்துக்கொண்டு போனான். கடலுக்குப் போய்த் திரும்பிவந்து ஏரியில் குளிர்காலத்தைக் கழிக்குமே செவ்வயிற்று மீன், அதில் இளசாக நாற்பதோடு வந்தான். பெரிய மீன் பிடிப்பதில் பேர் வாங்கியவன் அல்லவா, பனிவண்டியை நிறுத்துவதற்குள் கேலி ஆரம்பித்துவிட்டது. "என்ன லூகாசி, மீனோட பேரப்புள்ளைங்கள எல்லாம் கடத்திட்டு வந்துட்டியா?" என்று ரேடியோவிலேயே கேட்டார்கள். அவன் சிரித்தான். நீ போன பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செவ்வயிற்று மீனில் பாதரசம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லவே மெஷின் கூச்சப்படுகிறது. அவ்வளவு குறைவு. கிழட்டு டிரவுட்டை வைத்தோம், மரியான் எண்ணைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்கு நான் கொடுத்ததும் அப்படிப்பட்ட மீன்தான்.

அதனால் சாவிக்காரி என்ற முறையில் பங்கை மாற்றிவிட்டேன். இனிப் பெரிய டிரவுட் கிழவன் கிழவிகளுக்கு, அதுவும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இல்லை. காயவைத்த திமிங்கல இறைச்சியும் அப்படித்தான். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் பால் கொடுப்பவளுக்கும் செவ்வயிற்று மீன், அதிலும் இளசு. ரேடியோவில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆறு மாதக் கர்ப்பிணி மைனாவின் மாமியார் ஃப்ரீசர் வாசலுக்கே வந்துவிட்டாள். "என் மருமக உனக்கு என்ன பாவம் பண்ணா? நாய்க்குப் போடுற மீன அவளுக்குப் போடுற?" என்று ஊர் கேட்கக் கத்தினாள். என்ன சொன்னாலும் அடங்கவில்லை. கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மெஷின் முன்னால் உட்காரவைத்து, "என் தங்கச்சிக்கு நான் பெருசாப் பாத்துப் பாத்துக் குடுத்தேன், அவ இப்ப அங்க உக்காந்து அழுவுறா. உன் மருமகளுக்கும் அப்படியே குடுக்கட்டுமா?" என்று கேட்டேன். பத்து மீனை மருமகளுக்கும், ஒரு பெரிய தலையைத் தனக்கும் வாங்கிக்கொண்டு போனாள். கலிங்கோ பெரியப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். "எனக்கு எழுவத்தெட்டு வயசு. இனிமே கெட்டுப்போக என் மூளையில என்ன மிச்சம் இருக்கு?" என்று ரேடியோவில் கேட்கிறார். இத்தனை வருடம் பெரிய மீன் தனக்குக் கிடைக்கவில்லை என்று மனிதருக்கு உள்ளுக்குள் குறை இருந்திருக்கிறது.

பெண்கள் முடி கொடுத்துவிட்டோம். ஆனால் மரியானுக்கு மட்டுமில்லை. ஆளுக்கு இன்னொரு கற்றை வெட்டி, பெயர் எழுதி, நூலால் கட்டி ஒரு பெட்டியில் அடுக்கியிருக்கிறோம். அது தலைநகரத்தில் இருக்கும் அமைச்சருக்குப் போகிறது. கடிதம் நான்தான் எழுதினேன், மூன்றே வரி. "உங்கள் பக்கத்துப் பொருள் எங்களிடம் வந்து சேர்ந்தது. நாங்கள் கேட்கவில்லை. திருப்பி அனுப்புகிறோம்." நாற்பத்து மூன்று பேருடையது இருக்கிறது. ஒரு கற்றைக்கு இடம் விட்டுப் பெட்டியை மூடாமல் வைத்திருக்கிறேன்.

பல் பிடுங்கிக்கொள்ள அங்கே வரும் நேவியிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். லூகாசியின் வலையில் வந்த செவ்வயிற்று மீன் ஆறு, உறைந்தபடியே வரும். ஒவ்வொன்றின் மேலும் மெஷின் காட்டிய எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் டாக்டரிடம் காட்டு. அவர் வேண்டாம் என்றால் தின்ன வேண்டாம். என் பேச்சை நம்பித் தின்னச் சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை, அதனால்தான் எண்ணை எழுதினேன்.

தம்பி உதைக்கிறானா?

அலாசி


தசியாலுக்,
மே 24

என் தங்கை சியாசிக்கும், வந்து சேர்ந்திருக்கும் அந்தப் பெரிய மனிதருக்கும்,

பெண் பிள்ளை, மூன்று கிலோவுக்கு மேல், நல்ல குரல் என்று நர்ஸ் போனில் சொன்னதை லூகாசி அப்படியே ரேடியோவில் சொன்னான். பாதியில் போனை என் கையில் கொடுத்துவிட்டான், மீதியை நான் சொன்னேன். பெயர் என்ன என்று ஊரே போன் போட்டுக் கேட்டது. தெரியாது என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நேவி மீன்பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தான். காலி, கழுவியும் இருந்தது. விடுதித் தரையில் அட்டையை விரித்து, உறைந்த மீனை அரிந்து வைத்து, நம் கரையோர ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து தின்றீர்களாமே. வாசனைக்காக மேல்மாடிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள் என்றும், நீதான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களுக்குப் பதில் சொன்னாய் என்றும் நேவி சொன்னான். எனக்கு அன்றைக்கு இராத்திரி நல்ல தூக்கம்.

நேற்று உன் உறை வந்தது. உள்ளே ஒரு கற்றை முடி, ஆஸ்பத்திரிப் போர்வையிலிருந்து உருவிய நீல நூலால் கட்டியது. உன்னுடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு துண்டுக் காகிதம், "இதையும் சேர்த்துக்கொள்" என்று. மரியான் அதிலிருந்து கொஞ்சம் கேட்டாள், கொடுத்தேன். சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி மெஷினில் வைத்தாள். குளிர்காலம் முழுக்க உயரம்தான். அதை மாற்ற யாராலும் முடியாது. மார்ச்சுக்குப் பிறகு இறங்குகிறது. செவ்வயிற்று மீனைத் தின்ற பிறகும் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே இருக்கிறது. இறங்கியதற்குக் காரணம் ஆஸ்பத்திரிக் கஞ்சி என்கிறாள் மரியான். இருக்கட்டும். ஆனால் நம் ஏரி மீனைத் தின்றும் ஏறவில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லமாட்டேன், சியாசி. எனக்குத் தெரியாது. அந்த டாக்டருக்கும் தெரியாது. நடக்கத் தாமதமானால் தூக்கிக்கொண்டு திரிய இங்கே முதுகுகள் இருக்கின்றன. பேசத் தாமதமானால் கவலைப்படாதே, தமூசி மூன்று வயதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, பிறகு அவன் வாயை மூடவைக்க நாம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். பள்ளியில் பாடம் ஏறாவிட்டால் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுக்கு நூறு தடவை சொல்லிக்கொடுப்பேன். நான் கொடுத்ததற்கு நான் பொறுப்பு. அதை அங்கே இருந்துகொண்டு என்னைச் செய்யவிடாமல் பண்ணாதே.

இனி நான் எழுத வந்த விஷயம். அந்த உறையை மேசை மேல் கவிழ்த்துத் தட்டினேன். அடியிலிருந்து இன்னொரு சின்னப் பொட்டலம் விழுந்தது. அதே நீல நூல். உள்ளே பத்துப் பதினைந்து முடி, பூனைக்குட்டி மயிர் மாதிரி மெல்லியது. காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். "அண்ணனுடையதும் இருக்கிறது" என்று எழுதியிருந்தாய்.

லூகாசி பயந்து ஓடிவரும் அளவுக்கு அழுதேன். பிறகு ரேடியோவுக்குப் போன் போட்டு, "தமூசி வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கலிங்கோ பெரியப்பா துப்பாக்கியை எடுத்து வானத்தில் மூன்று தடவை சுட்டார்.

உன் கற்றையை நாற்பத்து நான்காவதாக வைத்துப் பெட்டியை மூடி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். அமைச்சர் பதில் போடவில்லை என்றால் அடுத்த மாதம் வளர்ந்ததை வெட்டி அனுப்புவோம். அதற்கடுத்த மாதமும் அனுப்புவோம். முடிக்கு இங்கே பஞ்சமில்லை.

தம்பியுடையதை அனுப்பவில்லை. நீ சேர்க்கச் சொன்னாய், தெரியும். ஒரு தடவை அவனைக் கடலுக்குக் கொடுத்தோம். இன்னொரு தடவை எவனுடைய மேசைக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. அதை ஃப்ரீசர் சாவியோடு சேர்த்துக் கட்டி இடுப்பில் வைத்திருக்கிறேன். லூகாசி தொட்டிலுக்கு மூன்றாவது தடவை சாயம் அடிக்கிறான். மைனாவின் மாமியார் உனக்கென்று பதினைந்து இளசு மீனை அவளே பொறுக்கி எடுத்து, எண் எழுதி, தனியாக வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை தோறும் விமானம் வருகிறது, செவ்வாய்க்கிழமை தோறும் நான் ஓடுபாதை ஓரத்தில் நிற்பேன்.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். தம்பியிடம் இதை மட்டும் சொல். அவன் முடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, தபாலில் அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் அக்கா,
அலாசி